தாத்தாவின் யாஷிகாவும் சென்னை வெயிலும்

கேள்வி இதுதான்: சைதாப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த தாத்தாவின் யாஷிகா மேட் 124ஜி கேமரா (மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பது) பீரோவிலிருந்து கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் கலர் ஃபிலிம் போட்டுச் சென்னையைச் சுற்றி எடுக்க ஆசை. எந்த ஃபிலிம் வாங்குவது, எங்கே போவது, எங்கே கழுவுவது? உள்ளே ஏற்கெனவே ஒரு ரோல் மாட்டியிருக்கிறது, எண் 7-இல் நிற்கிறது. அதை என்ன செய்வது?

கடைசிக் கேள்விக்கு இப்போதைக்கு ஒரே பதில்: பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். மற்றதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாரும் "எந்த ஃபிலிம்" என்றுதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், இரண்டு வருடம் விலை உயர்ந்த ரோல்களை வீணடித்த பிறகுதான் புத்தி வந்தது. சென்னையில் ஃபிலிமைவிடக் கடிகாரம் முக்கியம். நம் ஊர் 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்துவிடும். அப்போது மெரினாவில் நிற்பவரின் நிழல் அவர் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். முகத்தில் நெற்றியும் மூக்கும் மட்டும் பளிச்சென்று இருக்கும், கண் இரண்டும் குழி. அந்த வெளிச்சத்தை எந்த ஃபிலிமாலும் அழகாக்க முடியாது. காலை ஒன்பது மணிக்கு மேல் மாலை நான்கு வரை வெட்டவெளியில் மனிதர்களை எடுப்பதை நான் விட்டுவிட்டேன். ஜூனில் 5.40-க்கே விடிந்துவிடும், ஜனவரியில் 6.35 ஆகும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், அதுதான் உங்கள் கடை திறந்திருக்கும் நேரம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் இன்னும் ஒரு மணி நேரம் சலுகை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டம் என்றால் நாள் முழுக்கத் திருவிழாதான். மழை விட்ட அரை மணிக்குள் சுவர், தார்ச்சாலை, ஆட்டோ எல்லாம் குளித்துவிட்டு வந்ததுபோல நிற்கும். கலர் ஃபிலிமுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் நான் பார்த்ததில்லை.

சரி, ஃபிலிம். முதல் இரண்டு மூன்று ரோல் கோடக் கோல்ட் 200 போடுங்கள் (பெயரில் உள்ள எண் ஃபிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்). உங்கள் கேமராவுக்கான 120 என்ற அகல ரோல் அளவில் அது 2022-இல்தான் வந்தது, மற்றவற்றைவிட விலை குறைவு. மஞ்சளும் சிவப்பும் சற்றுத் தூக்கலாக வரும். காலை வெயிலில் மயிலாப்பூர்ச் சுவர்களுக்கு அது பொருந்தும். கை பழகிய பிறகு போர்ட்ரா 400. நம் மாநிற, கறுப்புத் தோலை அது போல நிதானமாகக் காட்டும் ஃபிலிம் வேறு இல்லை என்பது என் கட்சி. எக்டார் 100 கட்டடத்துக்கும் படகுக்கும் அருமை, முகத்துக்கு வேண்டாம். செங்கல் சூளைப் பக்கத்தில் நின்றவர்கள் மாதிரி எல்லாரும் சிவந்து போவார்கள். ஸ்லைடு ஃபிலிம், அதாவது எக்டாக்ரோம், வெல்வியா வகையறாக்களை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், வெளிச்ச அளவில் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) பிசகினாலும் அது மன்னிக்காது. ஃபூஜி புரோ 400எச் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், 2021-லேயே நிறுத்திவிட்ட சரக்கு அது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் 120 கறுப்பு வெள்ளை ரோல் செய்துகொண்டிருந்தது. உங்கள் தாத்தா பெட்டி பெட்டியாக வாங்கியிருப்பார். இன்று நமக்கு ஒவ்வொரு ரோலும் கப்பலேறி வருகிறது. ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு க்ளிக்குக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதனால் என் வழக்கம் ஒரு காலைக்கு ஒரு இடம், ஒரு ரோல். இரண்டாவது ரோலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் முதல் ரோலை அலட்சியமாக எடுக்கிறேன். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இவ்வளவு செலவழித்து என்ன கிடைக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். 120 ரோலில் சதுரப் படம் பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். சாதாரண 35 எம்எம் நெகட்டிவைவிடப் பரப்பு மூன்றரை மடங்குக்கு மேல். குளத்தங்கரையில் நூறு பேர் நின்றாலும் ஒவ்வொரு புடவையின் கரையும் தனியாகத் தெரியும். நிறம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது கத்தரித்தாற்போல இருக்காது, குழைந்து வரும்.

இனி கேமராவைச் சோதியுங்கள். பெரும்பாலானவற்றைப் பின்கதவைத் திறக்காமலே பார்க்கலாம். 124ஜி 1970-இல் வந்த மாடல், எப்படிப் பார்த்தாலும் வயது கிட்டத்தட்ட நாற்பதாவது இருக்கும். கீழ் லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊரில் தோல் உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டினால் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் கவலை வேண்டாம். நடுவில் அடர்ந்திருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், நீங்களே ஸ்க்ரூட்ரைவர் எடுக்காதீர்கள். செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம், பழைய ஷட்டரில் அது பாதியில் நின்றுவிட்டால் மொத்த ஷட்டரும் சிக்கிக்கொள்ளும். ஒரு நொடி, அரை நொடி ஷட்டர்களைக் காதால் கேட்டுப் பார்ப்பதைப் பழைய ரோல் வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த ரோலில் படம் வீணாகும்.

ரோல் வெளியே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பின்கதவின் உள்பக்கத்தில் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு. இந்த மாடல் 220 என்ற நீள ரோலையும் ஏற்றுக்கொள்ளும். அதற்காக அந்தத் தகட்டை இடம் மாற்றி வைக்கும் வசதி இருக்கிறது. 12 படத்துக்கான நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே கதவோரப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். கையில் தார் மாதிரி ஒட்டினால் அது நம் வெயிலில் உருகிப்போன பஞ்சு, வெளிச்சம் கசியும். புதுப் பஞ்சு ஒட்டுவது அரை மணி வேலை.

கேமராவிலேயே இருக்கும் மீட்டரை நம்பாதீர்கள். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. கடையில் தரும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் ஆடும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும், ஆனால் இருப்பதைவிட வெளிச்சத்தை அதிகம் என்று காட்டும். படம் எல்லாம் இருண்டு வரும். கலர் நெகட்டிவுக்கு ஆகாதது அதுதான். வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் நிழல் பகுதி சேறு கலக்கியதுபோல் பச்சையாகிப் புள்ளி புள்ளியாய் நிற்கும். எனவே போர்ட்ரா 400-ஐ 200 என்று நினைத்துக்கொள்ளுங்கள், கோல்டை 100 என்று. செல்போனில் மீட்டர் ஆப் போதும். எடுக்கப்போகும் ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் திறந்தால் சரியாக வரும். மணலையோ வெள்ளை வேட்டியையோ அளந்தீர்களானால் முகம் கறுத்துவிடும்.

இன்னொரு கணக்கு. 400 ஃபிலிமை 200 என்று வைத்தால் முழு வெயிலில் 1/250 நொடி ஷட்டர் வேகத்துக்கு லென்ஸ் திறப்பு எஃப்16, அல்லது 1/500-க்கு எஃப்11 (எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது). இந்தக் கேமராவில் 1/500-க்கு மேல் வேகம் கிடையாது. ஆக, லென்ஸை எஃப்3.5-க்குத் திறந்து பின்னணியைக் கரைக்க வேண்டுமென்றால் நிழலுக்குத்தான் போக வேண்டும். வெயில் ஏறிய பிறகும் படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் சௌகார்பேட்டை சந்துகளுக்குப் போங்கள். அங்கே சூரியன் நேராக இறங்காது, எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்துத்தான் வரும், முகத்துக்கு அது இதமான வெளிச்சம். சுவர் ரோஸ் என்றால் முகத்திலும் கொஞ்சம் ரோஸ் ஏறும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சந்தையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மட்டும் யாரையும் எடுக்காதீர்கள். நம் கண் பழகிக்கொள்ளும், ஃபிலிம் பழகாது. நான் எடுத்த ஒரு பூக்கார அக்கா இன்றைக்கும் நீலகண்டராகத்தான் இருக்கிறார்.

இடங்களைப் பற்றி ஒன்று. கபாலீசுவரர் மேற்கு பார்த்த சாமி, குளமும் மேற்கே. கிழக்கு ராஜகோபுரத்துக்குக் காலை வெளிச்சம், குளத்துப் பக்கத்துச் சிறிய கோபுரத்துக்கு மாலை வெளிச்சம். குளத்தின் மேற்குக் கரையில் ஐந்து மணிக்கு நின்றால் கோபுரமும் தண்ணீரில் அதன் நிழலும் சதுரத்துக்குள் அப்படியே உட்காரும். மெரினாவில் கட்டடக் கலைஞர் சிசோம் கட்டிய செனட் ஹவுஸ் கடல் பார்த்து நிற்பதால் காலைதான். மார்கழியில் மாட வீதிக் கோலங்களுக்கு 400 ஃபிலிம் போட்டாலும் இருட்டுதான், 1/30-க்கு எஃப்3.5 வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். போகி அன்று காலை ஒருமுறை வெளியே வாருங்கள். மூச்சுக்கு நல்லதல்ல, ஆனால் அந்தப் புகைக்குள் சூரியன் ஆரஞ்சு வட்டமாக எழும்பும். ரயில் நிலையம், உயர்நீதிமன்ற வளாகம் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், அனுமதி இல்லாமல் கேள்வி வரும். எங்கே போனாலும் ட்ரைபாட் விரித்தால் நீங்கள் சினிமாக்காரர். கையில் பிடித்து எடுத்தால் ஏதோ பழைய பெட்டியோடு சுற்றும் ஆள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது காசிமேடு. ஞாயிறு விடியற்காலை மீன் ஏலத்தைச் சொல்லவில்லை, அதில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், அப்போதுதான் பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் நடக்கும். நீலம், பச்சை, சிவப்பு, எல்லாம் ஈரத்தோடு. மூன்று வருடம் முன்பு மே மாதத்தில் ஒரு காலை ஆறரை மணி. ஒரு பெரியவர் படகின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து நீலம் பூசிக்கொண்டிருந்தார். நான் கேமராவை வயிற்றோடு அணைத்து, மேலே கண்ணாடியைப் பார்த்துக் குனிந்து நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் தலையைத் திருப்பி, "இன்னா தம்பி, குனிஞ்சிக்கினே நிக்கிற, காசு எதுனா வுழுந்துச்சா?" என்றார்.

இந்தக் கேமராவின் பெரிய வசதியே இதுதான். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்காததால் எடுக்கப்படுகிறவருக்குக் குறி வைத்த உணர்வு வருவதில்லை. கும்பிட்டு நிற்கிறவனைப் பார்த்து யார் விறைப்பார்கள்? அவரை எழுந்து வரச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டினேன். வலப்பக்கம் போன பையன் கண்ணாடியில் இடப்பக்கம் போவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அப்புறம் எடுத்ததுதான் என்னிடம் இருப்பதில் நல்ல படம்: முழங்கை வரை நீலமான கை, அதைவிட ஈரமான நீலத்தில் படகு, நடுவே பீடிக் கங்கு ஒரு சிவப்புப் புள்ளி.

அந்த இடவல மாற்றம் உங்களையும் முதல் மாதம் நண்டு மாதிரி நடக்கவைக்கும். நடப்பவர்களைத் துரத்தாமல், இடத்தை முதலில் கட்டிவைத்துவிட்டு ஆள் வரும்வரை காத்திருங்கள். கிட்டத்தில் எடுக்கும்போது இன்னொன்று: நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ், படம் பிடிப்பது கீழ் லென்ஸ். ஒரு மீட்டரில் முகத்தை எடுத்தால் உச்சந்தலை வெட்டுப்படும். ஃபோகஸ் செய்த பிறகு கேமராவை மூன்று விரல் உயர்த்தி எடுங்கள்.

கழுவுவதற்கு வருவோம். தெருவுக்குத் தெரு கலர் லேப் இருந்த காலம் போய்விட்டது. 120 ரோலை வாங்கிக்கொள்பவர்களும் சில நேரம் வெளியூருக்குக் கூரியரில்தான் அனுப்புகிறார்கள். கொடுக்கும்போதே "இங்கேயே கழுவுவீர்களா, வாரத்தில் எந்த நாள்" என்று கேளுங்கள். எடுத்த ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், இந்தச் சூட்டில் நிறம் சரியும். ஸ்கேன் செய்பவரிடம் நிறத்தை மெஷினின் போக்குக்கு விட வேண்டாம் என்று சொல்லுங்கள். கலர் நெகட்டிவில் நிறத்தைப் பாதி முடிவு செய்வது ஸ்கேன்தான். என் மாலை நேரப் படம் ஒன்றில் இருந்த மஞ்சளையெல்லாம் ஏதோ குறை என்று நினைத்து ஒரு லேப் சுத்தமாகத் துடைத்துத் தந்தது. நெகட்டிவ் கையில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் போட்டு மீட்டேன். எனவே நெகட்டிவைத் திருப்பி வாங்காமல் வராதீர்கள்.

வீட்டிலேயே கழுவலாமா என்றால், சென்னையில் தாராளமாக. கறுப்பு வெள்ளைதான் சுலபம், கலர் கடினம் என்பார்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது சரி. கறுப்பு வெள்ளைக்கு வழக்கமான சூடு 20 டிகிரி. மே மாதத்தில் அதற்கு நான் ஐஸ் கட்டி வாங்க ஓட வேண்டும். கலருக்கான சி-41 முறையில் டெவலப்பருக்கு 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மொட்டை மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் கிட்டத்தட்ட அதே சூடு. பக்கெட்டில் பிடித்து, கெமிக்கல் பாட்டில்களை அதில் நிறுத்தி, கொஞ்சம் வெந்நீர் விளாவினால் முடிந்தது. டெவலப்பரின் சூட்டில் மட்டும் கவனம், கால் டிகிரிக்குள் நிற்க வேண்டும். நல்ல தெர்மாமீட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சென்னையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இருட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு ஃபிலிமை ரீலில் ஏற்ற வேண்டும். முதல் முறை ஆகஸ்ட் மாதப் பகலில் மின்விசிறிகூட இல்லாமல் உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிடம் பைக்குள் கை வியர்த்தது, ரீல் ஈரமானது, ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், மடங்கியது. கழுவி எடுத்தபோது ஐந்து படங்களில் வானத்தில் பிறை பிறையாகத் தழும்பு. மூன்றாம் பிறை பார்த்த புண்ணியம் என்று மனைவி சொன்னாள். இப்போது ராத்திரி, ஏசி போட்ட அறையில், கை கழுவித் துடைத்த பிறகுதான் பையைத் தொடுகிறேன். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும்.

புது ரோல்களை ஃப்ரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் வியர்த்துவிடும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸும் அப்படித்தான் மூடுபனி போர்த்திக்கொள்ளும். துணியால் துடைக்காமல் காத்திருங்கள், தானாக விலகும். கேமராவைத் தோல் உறையிலிருந்து விடுதலை செய்து, சிலிக்கா ஜெல் போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

கடைசியாக, உள்ளே இருக்கும் ரோல். எண் 7 என்றால் தாத்தா எடுத்தது ஏழு படத்துக்கு மேல் இருக்காது. குறைந்தது ஐந்து படம் மிச்சம் இருக்கும். பாட்டி உங்களோடுதான் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். காலையில் அவரை வாசல் நிழலில் உட்கார வையுங்கள். பழைய ஃபிலிமுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டுவது வழக்கம். என்ன ஃபிலிம் என்று தெரியாததால் நூறு என்று வைத்து, முப்பது வருடத்துக்கு மூன்று ஸ்டாப் கூட்டினால், நல்ல நிழல் வெளிச்சத்தில் 1/30-க்கு எஃப்4 வரும். கை நடுங்கும், ஒரு ஸ்டூல் மேல் கேமராவை வையுங்கள். ஐந்தையும் அவருக்கே செலவிடுங்கள். அதே இடத்தில் செல்போனிலும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ரோல் மொத்தமாக மங்கி, படமே தெரியாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பன்னிரண்டு முடிந்ததும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருங்கள், இழுவை விட்டு லேசானதும் இன்னும் நாலைந்து சுற்று. இருட்டறையில் திறந்து, சுருள் தளராமல் விரலால் இறுக்கிப் பிடித்தபடி வெளியே எடுங்கள். முனையில் இருக்கும் ஒட்டுத்தாளின் பசை காய்ந்திருக்கும், மேலே ஒரு ரப்பர் பேண்டும் போட்டு அலுமினியத் தாளில் சுற்றுங்கள். அலுமினியத் தாளைச் சுற்றுவதற்கு முன், ரோலின் ஒட்டுத்தாளில் அச்சிட்டிருப்பதை மங்கலான வெளிச்சத்தில் படித்துவிடுங்கள். சி-41 என்று இருந்தால் கலரிலேயே கழுவலாம், நிறம் சரிந்துதான் வரும். உருவம் தெரிந்தால் போதும் என்றால் கறுப்பு வெள்ளையில் கழுவச் சொல்லுங்கள், பழைய ரோலுக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் அப்படிக் கழுவிய பிறகு மறுபடி கலருக்குத் திரும்ப முடியாது. அதனால் எது வேண்டும் என்று முதலில் பாட்டியிடம் கேட்டுவிட்டு லேபுக்குப் போங்கள்.